மூக்குத்தி அணிந்த வெண்கலப் பூனை

2,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்து மக்கள் கும்பிட்ட தெய்வம்! எக்ஸ்ரே படம் வெளிப்படுத்திய இரகசியம்!

லண்டன் மாநகரில் பிரிட்டிஷ் மியூசியம் என்னும் பெரிய பொருட்காட்சிச் சாலை இருக்கிறது. உலகத்தின் பல பாகங்களிலிருந்து கொண்டுவந்த பழம்பொருள்கள் அங்கே இருக்கின்றன. எகிப்து நாட்டு மன்னர்களின் சிலைகள் மலை மலையாக நிற்கின்றன. ஒரு ராஜாவின் தலை மட்டுமே ஆள் உயரத்துக்கு மேல்!

அவ்வளவு பெரிய சிலைகளுக்கு நடுவே ஒரு சின்ன உருவம். அதன் உயரம் 42 சென்டிமீட்டர்தான். அதாவது, ஒன்றரை அடிக்கும் சற்றுக் குறைவு. அகலம் 13 சென்டிமீட்டர். ஒரு கையால் அணைத்துத் தூக்கிவிடலாம். ராஜாக்களைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் அதன் முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறது. குழந்தைகள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்க்கின்றன.

அது ஒரு பூனை!

வெண்கலத்தில் வார்த்த பூனை. முன்னங்கால்களை ஊன்றி, வாலைப் பக்கத்தில் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. காது இரண்டும் விறைத்து நிற்கின்றன. காதுகளில் தங்க வளையங்கள். மூக்கிலே ஒரு தங்க வளையம். கழுத்திலிருந்து மார்பில் ஒரு வெள்ளிப் பதக்கம் தொங்குகிறது. கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட பெண்போல அலங்காரம்!

வீட்டில் பால் குடிக்க வரும் பூனைக்கு யார் மூக்குத்தி போட்டார்கள்? எதற்காகப் போட்டார்கள்? அந்தக் கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும்.

நகைகளின் பொருள்

அந்தப் பூனையின் நகைகள் வெறும் அழகுக்காகப் போட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு.

மார்பில் தொங்கும் பதக்கத்தில் ஒரு கண் இருக்கிறது. அது ஹோரஸ் என்னும் தெய்வத்தின் கண். சண்டையில் அந்தக் கண் புண்பட்டுப்போய், பிறகு குணமாயிற்று என்பது எகிப்தியர்களின் புராணம். ஆகவே அந்தக் கண் இருக்கும் இடத்தில் நோய் நொடி அணுகாது என்று நம்பினார்கள். குழந்தைகளின் கழுத்திலும் கட்டினார்கள். செத்தவர்களின் உடலோடும் வைத்தார்கள்.

பூனையின் தலையில் ஒரு வண்டு. மார்பில் சிறகு விரித்த இன்னொரு வண்டு. சாண உருண்டையை உருட்டிக்கொண்டு போகும் வண்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். எகிப்தியர்கள் அதைப் பார்த்து, “சூரியனையும் இப்படித்தான் ஒரு வண்டு வானத்தில் உருட்டிக்கொண்டு போகிறது” என்று நினைத்தார்கள். காலைச் சூரியனுக்கும் மறுபிறப்புக்கும் அந்த வண்டே அடையாளம் ஆயிற்று.

காது வளையங்களும் மூக்கு வளையமும் ஆதியிலேயே இந்தப் பூனைக்குப் போட்டவைதானா, பிற்பாடு யாரேனும் மாட்டியவையா என்பதில் நிபுணர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நகை பூண்ட பூனைச் சிலைகள் அந்த நாட்டில் வழக்கத்தில் இருந்தன என்பதில் சந்தேகம் இல்லை.

களஞ்சியத்துக்குக் காவல்

எகிப்து நைல் நதியால் வாழ்ந்த நாடு. நதியில் வெள்ளம் வரும். வண்டல் மண் படியும். கோதுமையும் வாற்கோதுமையும் விளையும். விளைந்த தானியத்தைக் களஞ்சியங்களில் கொட்டி வைத்தார்கள். அந்தத் தானியத்தை வைத்துத்தான் அடுத்த அறுவடை வரை ஊர் பிழைக்க வேண்டும்.

தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். இரண்டையும் பிடிக்கக் காட்டுப் பூனை வந்தது. மனிதன் அதைத் துரத்தவில்லை. அதுவும் மனிதனை விட்டுப் போகவில்லை. நாளடைவில் அது வீட்டுப் பூனை ஆயிற்று.

எகிப்தியர் பூனைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? “மியூ”! பூனை போடும் சத்தத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

பூனை வெறும் எலி பிடிக்கும் பிராணியாக இருக்கவில்லை. வீட்டுச் செல்லமாகிவிட்டது. பழைய கல்லறைச் சித்திரங்களில் வீட்டு எஜமானியின் நாற்காலிக்கு அடியில் பூனை உட்கார்ந்திருக்கிறது. நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறையில் இருந்த ஒரு சித்திரத்தில், அவர் படகில் வேட்டைக்குப் போகிறார். அவரோடு பூனையும் போய்ப் பறவைகளைப் பிடிக்கிறது. அந்தப் பூனையின் கண்ணில் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறது! சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முன் எழுதிய சித்திரம் அது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் அமென்ஹோட்டெப் என்ற மன்னனின் மூத்த மகன் தட்மோஸ். அந்த இளவரசன் ஒரு பெண் பூனை வளர்த்தான். அது இறந்ததும் அதற்குச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு பெட்டி செய்து, அதில் பூனையின் உருவத்தையும் பிரார்த்தனைகளையும் செதுக்கி அடக்கம் செய்தான். ராஜகுமாரனின் பூனைக்கு ராஜ மரியாதை!

சிங்கம் பூனை ஆனது

எகிப்தியரின் தெய்வங்களில் ஒருத்தி பாஸ்டெட். அவள் ஆதியில் பூனை அல்ல, பெண் சிங்கம். சூரிய தேவனின் மகள். பகைவர்களைக் கிழித்துப் போடும் உக்கிரமான தெய்வம்.

காலம் செல்லச் செல்ல, அவளுடைய உக்கிரம் தணிந்தது. சிங்க முகம் பூனை முகம் ஆயிற்று. குட்டிகளை அன்போடு நக்கிக் கொடுக்கும் பூனையைப் போல அவள் தாயாகவும் ஆனாள். பிள்ளை வேண்டும் பெண்கள் அவளைக் கும்பிட்டார்கள். வீட்டையும் குழந்தைகளையும் காக்கும் தாய் என்று கொண்டாடினார்கள். ஆனால் கோபம் வந்தால் அந்தப் பழைய சிங்கம் திரும்பவும் எழுந்துவிடும் என்ற பயமும் இருந்தது. பூனையைத் தடவும்போதே நகம் வெளியே வருவது உண்டல்லவா?

அவளுடைய ஊர் புபாஸ்டிஸ். நைல் நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் பகுதியில், இந்தக் காலத்து ஸகாஸிக் நகரத்தை அடுத்து, அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. 1887 முதல் 1889 வரை எட்வர் நாவில் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டி, செந்நிறக் கருங்கல்லால் கட்டிய பெரிய கோவிலின் சிதைவுகளைக் கண்டார்.

படகுகளில் வந்த பக்தர் கூட்டம்

அந்தக் கோவில் சிறப்பாக இருந்த காலத்தைப் பற்றி எழுதி வைத்தவர் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர். கி.மு. 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் எகிப்தில் சுற்றுப்பயணம் செய்து, கண்டதையும் கேட்டதையும் எழுதினார். எகிப்தில் எத்தனையோ பெரிய கோவில்கள் உண்டு, ஆனால் கண்ணுக்கு இனிய கோவில் இதுதான் என்பது அவருடைய அபிப்பிராயம். கோவிலை இரண்டு கால்வாய்கள் சுற்றி வந்தன. கரைகளில் மரங்கள் நிழல் தந்தன. ஆகவே அது ஒரு தீவு போல இருந்தது.

திருவிழாக் காலத்தில் ஆண்களும் பெண்களும் படகு படகாகப் புறப்படுவார்கள். பெண்கள் கையில் தாளக் கட்டைகள். ஆண்கள் குழல் ஊதுவார்கள். மற்றவர்கள் பாட்டுப் பாடிக் கை தட்டுவார்கள். வழியில் ஏதேனும் ஊர் வந்தால் படகைக் கரை ஓரமாகக் கொண்டுபோவார்கள். படகில் இருக்கும் பெண்கள் கரையில் நிற்கும் பெண்களைக் கேலி செய்து கூச்சல் போடுவார்கள், ஆடுவார்கள். பிறகு அடுத்த ஊர்.

புபாஸ்டிஸ் வந்து சேர்ந்ததும் பலி, பூசை, விருந்து. வருடம் முழுவதும் செலவாகும் திராட்சை மதுவைவிட அந்த ஒரு திருவிழாவில் செலவாகும் மது அதிகம் என்கிறார் ஹெரோடோட்டஸ். குழந்தைகளைச் சேர்க்காமல் ஏழு லட்சம் பேர் கூடுவார்கள் என்று அந்த ஊரார் அவரிடம் சொன்னார்களாம். ஊர்ப் பெருமை பேசும்போது கணக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனாலும் அது மிகப் பெரிய திருவிழா என்பது நிச்சயம்.

புருவத்தைச் சிரைத்துத் துக்கம்

வீட்டில் பூனை இறந்துவிட்டால் அந்த வீட்டார் எல்லோரும் தங்கள் புருவங்களைச் சிரைத்துக்கொள்வார்கள். அது துக்க அடையாளம். இறந்த பூனையைப் புபாஸ்டிஸ் நகருக்குக் கொண்டுபோய், தைலங்கள் பூசிப் பதனம் செய்து அடக்கம் செய்வார்கள். வீடு தீப்பிடித்தால்கூட ஜனங்கள் தீயை அணைப்பதை விட்டுவிட்டு, பூனைகள் தீயில் பாய்ந்துவிடாமல் காவல் நிற்பார்களாம். இவையும் ஹெரோடோட்டஸ் எழுதியவையே.

இன்னொரு சம்பவத்தை டயோடோரஸ் என்ற சரித்திர ஆசிரியர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். கி.மு. 60-ம் ஆண்டை ஒட்டிய காலம். எகிப்து மன்னர் ரோமாபுரியின் நட்பைப் பெறத் தவித்துக்கொண்டிருந்தார். ரோமானியர் யார் வந்தாலும் ராஜ உபசாரம். அப்போது ரோமானியன் ஒருவன் தெரியாமல் ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். செய்தி பரவியது. ஜனங்கள் அவன் தங்கியிருந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்ள மன்னரே அதிகாரிகளை அனுப்பினார். ரோமாபுரியின் கோபத்தை நினைத்து நாடே நடுங்கிய நேரம் அது. ஆனாலும் கூட்டம் கேட்கவில்லை. அவனை அங்கேயே தீர்த்துவிட்டது!

மெழுகு உருகி வெண்கலம் ஆனது

இப்படிப்பட்ட நாட்டில்தான் நமது மூக்குத்திப் பூனை பிறந்தது. கி.மு. 600-ஐ ஒட்டிய காலத்தில் அதைச் செய்திருக்க வேண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது இன்றைக்குச் சுமார் 2,600 ஆண்டுகள்.

அதைச் செய்த விதம் இதுதான்: முதலில் களிமண்ணால் பூனை உருவம் ஒன்று தோராயமாகப் பிடிப்பார்கள். அதன்மேல் தேன்மெழுகைப் பூசுவார்கள். கண், காது, மூக்கு, வண்டு, பதக்கம் ஆகிய நுணுக்க வேலையை எல்லாம் அந்த மெழுகிலேயே செய்துவிடுவார்கள். பிறகு மெழுகின் வழியாக உள் மண்வரை சிறிய ஊசிகளைச் செருகுவார்கள். அதற்கு மேல் மறுபடியும் களிமண் பூசி மூடுவார்கள்.

இப்போது அதைச் சூளையில் வைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு இருந்த இடம் வெற்றிடம். உள் மண் விழுந்துவிடாமல் ஊசிகள் தாங்கிக்கொள்ளும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மேல் மண்ணை உடைத்தால் உள்ளே பளபளவென்று பூனை!

மெழுகு போனது போனதுதான். மேல் அச்சும் உடைந்துவிடும். ஆகவே ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான். உள்ளே கூடாக இருப்பதால் உலோகம் மிச்சம், சிலையும் பாரமில்லை.

இந்தப் பூனையின் உலோகத்தை நிபுணர்கள் பரிசோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 85 பங்கு செம்பு, 13 பங்கு வெள்ளீயம், மிச்சம் பெரும்பாலும் ஆர்சனிக். வாலில் வரிவரியாக வேறு கலப்பு உலோகம் தெரிகிறது. புதிதாக இருந்தபோது அந்த வரிகள் வேறு நிறத்தில் மின்னியிருக்கும். கண்கள் இப்போது வெறுங்குழிகள். அந்தக் காலத்தில் அவற்றில் கல்லோ கண்ணாடியோ பதித்திருப்பார்கள்.

காணிக்கையாக வந்த பூனைகள்

இத்தகைய சிலைகளைப் பக்தர்கள் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். பிள்ளை பிறக்க வேண்டும், நோய் தீர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல். “பாஸ்டெட் இன்னாருக்கு ஆயுளைத் தருவாளாக” என்று பெயரோடு பொறித்த சிலைகளும் கிடைத்திருக்கின்றன.

ஏழைகள் விரல் அளவுச் சிலை வாங்கினார்கள். பணக்காரர்கள் பெரிய சிலை கொடுத்தார்கள். கோவிலில் சிலைகள் குவிந்து இடம் போதாமல் போயின. சுவாமிக்குக் கொடுத்ததைத் தூக்கி எறியலாமா? ஆகவே பூசாரிகள் அவற்றைப் பத்திரமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அப்படிப் புதைத்ததால்தான் பல சிலைகள் இந்தக் காலம்வரை தப்பின.

சில வெண்கலப் பூனைகளின் உள்ளே வேறொரு பொருளும் இருந்தது. அது பதனம் செய்த பூனைக் குட்டியின் உடல்!

பக்தியின் இருண்ட பக்கம்

வருத்தமான கதை இங்கேதான் தொடங்குகிறது.

பூனையின் உடலைப் பதனம் செய்து, துணி சுற்றி, தேவிக்குக் காணிக்கையாகக் கொடுப்பது பெரிய புண்ணியம் என்ற நம்பிக்கை பரவியது. அந்தப் பூனை தேவியிடம் போய்ப் பக்தனின் வேண்டுதலைச் சொல்லும் என்று எண்ணினார்கள். ஆயிரம் ஆயிரமாக யாத்திரிகர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை வேண்டும். தானாக இறக்கும் பூனைகள் போதுமா?

போதவில்லை. ஆகவே காணிக்கைக்கென்றே பூனைகளை வளர்த்தார்கள், கொன்றார்கள்.

லண்டனில் உள்ள பதனம் செய்த பூனைகள் சிலவற்றை நிபுணர்கள் எக்ஸ்ரே படம் எடுத்து 1981-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவை குட்டிகள் அல்லது இளம் பூனைகள். இரண்டு வயதைத் தாண்டியவை மிகக் குறைவு. பலவற்றின் கழுத்து எலும்பு பிசகியிருந்தது. 2020-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில் இன்னொரு பூனையை நுட்பமான ஸ்கேன் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அது ஐந்து மாதம்கூட நிரம்பாத குட்டி. அதன் கழுத்தும் முறிந்திருந்தது.

பூனையைக் கொன்றவனை அடித்தே கொன்ற நாடு. அதே நாட்டில் கோவிலின் பெயரால் பூனைக் குட்டிகளின் கழுத்தைத் திருகினார்கள்! கொன்றவர்கள் அதைக் கொலை என்று நினைக்கவில்லை. தேவியிடம் அனுப்பி வைப்பதாகவே நினைத்தார்கள். குட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மோசடிக்கும் குறைவில்லை. மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் 800-க்கு மேற்பட்ட பதனப் பிராணிகளை எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பார்த்து, 2015-ல் முடிவைச் சொன்னார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் பிராணியே இல்லை! மண், நாணல், குச்சி, முட்டை ஓடு ஆகியவற்றை வைத்துத் துணி சுற்றியிருந்தது. சரக்குத் தட்டுப்பாட்டால் அப்படிச் செய்தார்களா, ஏமாற்றினார்களா என்பது விவாதத்துக்கு உரியது. சுவாமிக்குப் பொருள் முக்கியமல்ல, பக்தியே முக்கியம் என்று வாங்கினவர்களே ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

இதைக் கண்டு மனம் நொந்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். ஸக்காரா என்னும் இடத்தில் கி.மு. 2-ம் நூற்றாண்டில் ஹோர் என்று ஒருவர் இருந்தார். அங்கே தெய்வமாகக் கருதிய நாரைகளின் வழிபாட்டில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அவர் பானை ஓடுகளில் எழுதி வைத்திருக்கிறார். “ஒரு பானைக்கு ஒரு தெய்வம்” என்பது அவர் காலத்தில் வற்புறுத்திய விதி. அதாவது, ஒரு பானையில் ஒரு பறவை முழுதாக இருக்க வேண்டும் என்று பொருள்.

வயலுக்கு உரமான தெய்வங்கள்

கி.பி. 4-ம் நூற்றாண்டில் எகிப்தில் கிறிஸ்தவ மதம் ஓங்கியது. பழைய கோவில்கள் மூடின. பூனைத் தெய்வத்தை மக்கள் மறந்தார்கள். ஆனால் மணலுக்கு அடியில் லட்சக்கணக்கான பூனைகள் உறங்கிக்கொண்டிருந்தன.

1888-ல் எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில் ஒரு குடியானவர் மண்ணைத் தோண்டினார். உள்ளே பூனை உடல்கள் அடுக்கு அடுக்காக இருந்தன! அவற்றில் சுமார் 19 டன் சரக்கு கப்பலேறி, 1890-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 1 லட்சத்து 80 ஆயிரம் பூனைகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

எதற்காக? வயலுக்கு எருவாகப் போட!

லிவர்பூலில் ஏலம் நடந்தது. ஏலம் போட்டவர் சுத்தியலுக்குப் பதிலாக ஒரு பூனையின் மண்டை ஓட்டையே தட்டி ஏலத்தை முடித்ததாகச் சொல்வார்கள். வாசனைத் தைலம் பூசி, வர்ணத் துணி சுற்றி, கண்ணீரோடும் வேண்டுதலோடும் கொடுத்த காணிக்கைகள் அரைத்துப் பொடியாகி அந்நிய நாட்டு மண்ணில் கலந்துபோயின.

பூனையை மணந்த மனம்

நமது வெண்கலப் பூனைக்கு அந்தக் கதி நேரவில்லை. அதற்கு ஒரு பாதுகாவலர் கிடைத்தார்.

அவர் பெயர் மேஜர் ராபர்ட் கிரென்வில் கேயர்-ஆண்டர்சன். 1881-ல் பிறந்தவர். தொழிலால் டாக்டர். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து எகிப்துக்குப் போனார். அந்த நாடு அவரைப் பிடித்துக்கொண்டது. சம்பளத்தை எல்லாம் பழம்பொருள்களாக மாற்றினார். கடைவீதியில் எது வந்தாலும் விடமாட்டார்.

கெய்ரோ நகரில் இபன் துலூன் மசூதியை ஒட்டி இரண்டு பழைய வீடுகள் உண்டு. 16, 17-ம் நூற்றாண்டுகளில் கட்டியவை. பாலம் போட்டு இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். ‘கிரீட் தீவுப் பெண்ணின் வீடு’ என்று அதற்குப் பெயர். எகிப்து சர்க்காரின் அனுமதியோடு மேஜர் 1935 முதல் 1942 வரை அங்கே வாழ்ந்தார். வீட்டைப் பழுது பார்த்துத் தாம் சேர்த்த பொருள்களால் நிரப்பினார். போகும்போது எல்லாவற்றையும் எகிப்துக்கே விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. நோய்வாய்ப்பட்டு அவர் புறப்பட்டபோது அப்படியே விட்டுவிட்டார். எகிப்து மன்னர் அவருக்கு ‘பாஷா’ பட்டம் கொடுத்தார். அந்த வீடு அவருடைய பெயராலேயே மியூசியம் ஆயிற்று.

1930-களில் அவர் கைக்கு வந்ததே இந்தப் பூனை. ஸக்காராவில் கிடைத்தது என்று சொல்கிறார்கள். அவருடைய பொருள்களில் இதற்கு நிகர் வேறு இல்லை. மேரி ஸ்டவுட் என்ற மாதும் அவரும் சேர்ந்து பூனையைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அன்பளிப்பாக அளித்தார்கள். மேஜர் 1945-ல் காலமானார். பூனை 1947-ல் மியூசியத்தின் சொத்தாயிற்று. கண்ணாடிப் பெட்டியின் முன்னால் கூட்டம் கூடும் காட்சியை அவர் காணவில்லை. பூனையின் நகல் ஒன்று மட்டும் கெய்ரோ வீட்டில் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் தெரிந்த இரகசியம்

பூனையைப் பார்ப்பவர்கள், “2,600 வருடம் ஆகியும் ஒரு சிதைவு இல்லையே!” என்று வியந்தார்கள். பல காலம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மியூசியத்து விஞ்ஞானிகள் அதை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டார்கள். பூனையின் உடம்பைச் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டமாக மயிரிழை விரிசல்! உள்ளே முட்டுக் கொடுத்துத் தாங்கியிருப்பதால்தான் பூனை நிற்கிறது. அந்த முட்டை எடுத்தால் தலை கழன்று கீழே விழும்.

2,600 ஆண்டுகளுக்கு முன் வார்ப்புக்காரன் செருகிய ஊசிகளின் மிச்சமும் அதே படத்தில் தெரிந்தது. வார்த்தவனின் கைவேலையும், பிற்காலத்தில் பழுது பார்த்தவரின் கைவேலையும் ஒரே படத்தில்!

பழுது பார்த்தவர் யார்? மேஜர்தான். பழம்பொருள்களைச் செப்பனிடுவதில் அவருக்கு மிகுந்த ஆசை உண்டு. உடைந்த உடல்களுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், உடைந்த பூனைக்கும் கட்டுப் போட்டுவிட்டார். கட்டு வெளியே தெரியவே இல்லை.

அப்படி மறைத்தது சரியா? இந்தக் காலத்து மியூசிய நிபுணர்கள் அவ்விதம் செய்ய மாட்டார்கள். எது பழையது, எது புதியது என்று தெரியும்படியாகவே பழுது பார்ப்பார்கள். செய்ததை எழுதியும் வைப்பார்கள். மேஜர் காலத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. ஆனால் அவர் கை வைக்காமல் விட்டிருந்தால் பூனை இரண்டு துண்டாகக் கிடந்திருக்கும் என்பதும் உண்மை.

இன்னும் வருகின்றன பூனைகள்

எகிப்தின் மணல் தன் பூனைகளை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஸக்காராவில் பதனம் செய்த பூனைகள் பலவும், தங்க முலாம் பூசிய சுமார் 100 மரப் பூனைச் சிலைகளும் கிடைத்தன. பாஸ்டெட் தேவியின் வெண்கலச் சிலை ஒன்றும் இருந்தது.

சில பூனைகள் குப்பைக்குப் போகும் தறுவாயில் தப்பியதும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, அடுப்பங்கரை ஓரமாக இருந்த ஒரு வெண்கலப் பூனையை வீட்டார் எறிந்துவிட இருந்தார்கள். எதற்கும் காட்டிப் பார்ப்போம் என்று ஏலக் கடைக்குக் கொண்டுபோனார்கள். அது பழைய எகிப்துப் பூனை! 2015-ல் நடந்த ஏலத்தில் 52 ஆயிரம் பவுனுக்குப் போயிற்று.

நமது மூக்குத்திப் பூனைக்கு எந்த விலையும் கிடையாது. அது விற்பனைக்கு இல்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் ஒருவர் ஒரு காலத்தில் இருந்தார். 2,600 ஆண்டுகளுக்கு முன் வார்ப்புப் பட்டறைக்குப் போய், “நல்ல வெண்கலமாகப் போடு. வாலில் வரி தெரியட்டும். தலையில் வண்டு வை” என்று சொல்லிச் செய்து வாங்கியவர். அவர் ஆணா, பெண்ணா? என்ன வேண்டிக்கொண்டார்? பிள்ளைக்காகவா, நோய் தீரவா? சிலையில் பெயர் இல்லை.

வேண்டியவர் போய்விட்டார். கோவில் போய்விட்டது. கும்பிட்ட மதமும் போய்விட்டது. உடம்பில் விரிசலோடும், காதில் தங்க வளையத்தோடும் பூனை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய வேண்டுதல் இன்னும் அதனிடம் பத்திரமாக இருக்கிறது.